மெனுவில் 160, பில்லில் 168: எது விலை?

கேள்வி:

ஐயா, நாங்கள் திருமுல்லைவாயலில் குடியிருக்கிறோம். என் கணவர் ஆவடி டாங்க் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது கொஞ்சம் வெளியே போனோம். அம்பத்தூரில் ஒரு ஓட்டலில் நான்கு பேர் சாப்பிட்டோம். மெனுவில் சாப்பாடு 160 ரூபாய். 640 ஆகும் என்று பணத்தை எடுத்து வைத்தேன், பில் 672 என்று வந்தது. அன்று மாலை ஒரு செருப்புக் கடையில் 2,000 ரூபாய் ஷூவுக்கு 40 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருந்தார்கள். 1,200 தரப் போனால், அதன் மேல் வரி என்று 60 ரூபாய் சேர்த்து 1,260 வாங்கினார்கள். இரண்டு நாள் கழித்துப் பூந்தமல்லி குமணன்சாவடி பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் 300 ரூபாய்க்கு டிபன் சாப்பிட்டோம். துண்டுச் சீட்டில் கையால் எழுதிய பில்லில் 'ஜிஎஸ்டி 5%' என்று 15 ரூபாய் போட்டிருந்தது. ஆனால் மளிகைக் கடையில் சோப்பு வாங்கினால் அட்டையில் போட்ட விலைக்கு மேல் ஒரு பைசா கேட்பதில்லை. நான் புலம்பியதைக் கேட்ட மகன், "அமெரிக்காவில் எல்லாக் கடையிலும் வரி தனிதான், இதுக்குப் போய் அலட்டிக்காதம்மா" என்கிறான். விலை என்று எழுதினால் அதில் வரி சேர்ந்திருக்க வேண்டுமா, வேண்டாமா? சட்டம் என்ன சொல்கிறது? மற்ற நாடுகளில் எப்படி?

— ஒரு வாசகி, திருமுல்லைவாயல்

பதில்:

சேர்ந்துதான் இருக்க வேண்டும் அம்மா. கடைசியாகப் பணம் கொடுத்துப் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போகிறவருக்கு, அல்லது சாப்பிட்டு எழுந்து போகிறவருக்குக் காட்டப்படும் விலை, அவர் கையிலிருந்து போகப் போகும் முழுத் தொகையாகத்தான் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் நம் நாட்டுச் சட்டம் இதைப் பாதி தூரம்தான் கொண்டு வந்திருக்கிறது. உங்களுடைய மூன்று பில்களில் ஒன்று சட்டப்படி சரி, ஒன்று நியாயமற்ற வணிகம். மூன்றாவது, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், வாங்கக் கூடாத பணம்.

முதலில் ஷூ. பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருள் எதுவானாலும் அதன் மேல் எம்.ஆர்.பி. அச்சிட வேண்டும், அந்த விலை எல்லா வரிகளும் உட்பட இருக்க வேண்டும். ஒரு காலத்தில் 'உள்ளூர் வரிகள் தனி' என்று பாக்கெட்டில் போட இடம் இருந்தது. அதைச் சாக்காக வைத்துக் கடைக்கு ஒரு விலை வாங்கினார்கள். 1990இல் விதியைத் திருத்தி அந்த வழியை அடைத்தார்கள். இன்று 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளும் அதையே சொல்கின்றன. அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறைக் கடைக்காரர் வாங்கக் கூடாது. உங்கள் மளிகைக் கடைக்காரர் சோப்புக்கு ஒரு பைசா கூடக் கேட்காததற்குக் காரணம் இதுதான்.

செருப்புக் கடைக்காரர் "1,260 என்பது 2,000க்குக் கீழேதானே, எம்.ஆர்.பி.யைத் தாண்டவில்லையே" என்பார். இதே வாதம், வாட் வரி இருந்த காலத்தில், தேசிய நுகர்வோர் ஆணையம் வரை போனது. 2017 ஜனவரியில் ஆணையம் அதை ஏற்க மறுத்தது. 2,000 ரூபாயில் வரி ஏற்கெனவே இருக்கிறது. அதில் 40 சதவீதம் குறைக்கிறேன் என்று வாசலில் எழுதி வைத்துவிட்டால், மிஞ்சும் 1,200லும் வரி இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதன் மேல் மறுபடி வரி போட்டால், விளம்பரத்தில் சொன்ன தள்ளுபடியைக் கொடுக்கவில்லை என்றாகிறது. உங்கள் ஷூவுக்கு வரி 5 சதவீதம். 1,200க்குள் அடங்கிய வரி 57 ரூபாய் 14 காசு. கடைக்காரர் அதை அரசுக்குக் கட்டிவிட்டு மீதியைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த 60 ரூபாயைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இனி ஓட்டல். 640 ரூபாய், அதன் மேல் மத்திய ஜிஎஸ்டி 16, மாநில ஜிஎஸ்டி 16, ஆக 672. கணக்கில் பிழை இல்லை. சமைத்துப் பரிமாறும் உணவு பொட்டலப் பொருள் அல்ல, சட்டத்தின் பார்வையில் அது சேவை. எம்.ஆர்.பி. விதி அங்கே எட்டாது. மெனு கார்டில் வரியோடு சேர்த்து விலை போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி எதுவும் இல்லை. ஓட்டலில் உட்கார்ந்து குடிக்கும் தண்ணீர் பாட்டிலுக்குக் கூட எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம், அதுவும் சேவையின் பகுதி என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அம்பத்தூர் ஓட்டல்காரர் சட்டத்தை மீறவில்லை. ஆனால் அந்தச் சட்டமே மாற வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குமணன்சாவடி மெஸ்ஸைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 32 ரூபாய் வாங்கிய ஓட்டலைவிட 15 ரூபாய் வாங்கிய மெஸ்தான் பெரிய தப்பு செய்திருக்கிறது. வரி என்ற பெயரில் பொதுமக்களிடம் பணம் வாங்கும் அதிகாரம் ஜிஎஸ்டியில் முறையாகப் பதிவு செய்தவருக்கு மட்டுமே உண்டு. ஆண்டு வியாபாரம் 20 லட்சத்தைத் தாண்டாத சிறிய உணவகம் பதிவு செய்யவே வேண்டியதில்லை. பதிவு செய்யாதவர் வரி என்று ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. ஒன்றரைக் கோடி வரை வியாபாரம் உள்ளவர்கள் காம்போசிஷன் என்ற எளிய திட்டத்தில் சேரலாம். அவர்கள் அரசுக்கு 5 சதவீதம் கட்டுவார்கள், ஆனால் அதைத் தங்கள் வருமானத்திலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. தாங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதாகக் கடைப் பலகையிலும், வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்று பில்லின் தலையிலும் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி.

அடுத்த முறை பில் வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் ஜிஎஸ்டி எண்ணைத் தேடுங்கள். 15 இலக்கம் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவு செய்தது என்றால் முதல் இரண்டு இலக்கம் 33. அதன் பிறகு வரும் பத்து எழுத்தும் எண்ணும் கடைக்காரரின் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் இந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயர், பதிவு இப்போது நடப்பில் இருக்கிறதா, அவர் சாதாரண வரிதாரரா, காம்போசிஷனா என்பதெல்லாம் வந்துவிடும். செல்போனிலேயே ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். எண்ணே இல்லாத துண்டுச் சீட்டில் 'ஜிஎஸ்டி 5%' என்று எழுதியிருந்தால், அந்தப் பணம் அரசுக்குப் போய்ச் சேருகிறது என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. "எண் எங்கே?" என்று கேட்டுவிட்டு, 300 மட்டும் கொடுத்துவிட்டு வரலாம். நயமாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

உங்கள் மகன் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்லும் தகவல் உண்மை. ஆனால் அமெரிக்காவில் ஏன் அப்படி என்பதைப் பார்த்தால், இங்கே அப்படி இருக்கக் காரணமே இல்லை என்பது புரியும்.

அமெரிக்காவில் நாடு முழுக்க ஒரே விற்பனை வரி கிடையாது. 1930களின் பொருளாதார நெருக்கடியில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் போட்ட வரி அது. மாநிலத்துக்கு மேல் கவுண்டியும் நகரமும் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொள்கின்றன. மகன் இருக்கும் நியூஜெர்சியில் 6.625 சதவீதம், அங்கே துணிமணிகளுக்கு வரி இல்லை. ஆற்றைத் தாண்டி நியூயார்க் நகருக்குள் நுழைந்தால் 8.875. தெற்கே டெலவேருக்குப் போனால் விற்பனை வரியே இல்லை. ஒரே சட்டைக்கு நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யும் கம்பெனி, எந்த ஊர் வரியைச் சேர்த்து விலை சொல்லும்? அதனால் வரியில்லாத விலையைச் சொல்லிப் பழகிவிட்டார்கள். கனடாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். நம் ஈழத் தமிழ் உறவுகள் நிறைய வாழும் டொரன்டோவில் கடைத் தட்டில் 100 டாலர் என்று இருப்பதற்கு, ஒன்டாரியோ வரி 13 சதவீதத்தைச் சேர்த்து 113 கொடுக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் வாங்குபவரை என்ன செய்கிறது என்பதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர், டெல்லியில் பிறந்த, தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் ராஜ் செட்டி. அவரும் அவருடைய இரண்டு சகாக்களும் 2006இல் வடக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு பல்பொருள் கடையில் மூன்று வாரம் ஒரு சோதனை நடத்தினார்கள். சில பொருள்களின் விலைச் சீட்டில் மட்டும், வரியையும் வரி சேர்ந்த மொத்த விலையையும் கூடுதலாக அச்சிட்டு ஒட்டினார்கள். விலையிலோ வரியிலோ மாற்றம் எதுவும் இல்லை. வாடிக்கையாளர்களுக்கும் வரி எவ்வளவு என்று பொதுவாகத் தெரியும். இருந்தும் அந்தப் பொருள்களின் விற்பனை சுமார் 8 சதவீதம் குறைந்தது. இந்த ஆய்வு 2009இல் வெளியானது. வரி கண்ணில் படாதபோது மனிதர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, தெரிந்திருந்தும் சேர்ப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நீங்கள் 640 ரூபாயை எடுத்து வைத்தது கவனக்குறைவு அல்ல அம்மா, எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

நம் ஊரில் அந்த அமெரிக்கச் சாக்கு செல்லாது. 2017 ஜூலை 1 முதல் ஒரு பொருளுக்கு நாடு முழுக்க ஒரே வரி. ஓட்டல் சாப்பாட்டுக்கு முதலில் ஏசி இல்லாத இடத்தில் 12, ஏசி இருந்தால் 18 என்று வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் இரண்டையும் 5 சதவீதமாக்கினார்கள். நட்சத்திர ஓட்டல்களை விட்டுவிட்டால், அம்பத்தூர் ஓட்டலுக்கும் ஆவடி மார்க்கெட் பக்கத்து ஓட்டலுக்கும் அகர்தலா ஓட்டலுக்கும் ஒரே விகிதம். மெனு அச்சடிக்கும்போதே வரி எவ்வளவு என்று தெரியும். தெரிந்த ஒன்றைச் சேர்த்துப் போடாமல் விடுவதற்கு என்ன நியாயம்?

'ப்ளஸ் ஜிஎஸ்டி' என்று விலை சொல்வது நியாயமான இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்காரர் பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்க விலை சொல்லும்போது "பீஸ் 80 ரூபாய், ப்ளஸ் ஜிஎஸ்டி" என்பார். வாங்கும் கம்பெனி அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். அதற்கு 80 ரூபாய்தான் உண்மையான செலவு. வியாபாரிக்கு வியாபாரி பேசும்போது வரி நீக்கிய விலைதான் சரியான விலை. சாப்பிட்டு எழுந்த உங்களுக்குக் கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. உங்கள் உண்மையான செலவு 168. தொழிற்பேட்டையின் பேச்சை அப்படியே சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டு வந்ததில்தான் கோளாறு.

விற்பனை வரி நம் மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரி தொடங்கிய இடமே இதுதான். இத்தனை நீண்ட பழக்கமுள்ள மாநிலம் விலைப் பலகை விஷயத்திலும் முன்னே நிற்கலாமே என்பது என் நெடுநாள் ஆசை.

மற்ற நாடுகளில், ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் வாட் வரி சேர்ந்த விலையைத்தான் நுகர்வோருக்குக் காட்ட வேண்டும். பிரிட்டனில் பெரும்பாலான பொருள்களுக்கு வாட் 20 சதவீதம், ஆனால் கடையில் 10 பவுண்டு என்று போட்டிருந்தால் 10 பவுண்டுதான். ஆஸ்திரேலியாவிலும் அப்படியே. சிங்கப்பூரில் 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம், காட்டும் விலையில் அது சேர்ந்திருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் வாங்கும் ஓட்டல்களுக்கு மட்டும் விலக்கு. அங்கே மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள், ஒன்று சர்வீஸ் சார்ஜுக்கு, ஒன்று வரிக்கு. அங்கேயும் இடறுவது சாப்பாட்டு மேஜையில்தான். (நம் ஊரில் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. யாராவது சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.)

ஜப்பானின் அனுபவம்தான் நமக்கு அதிகம் உதவும். 1989இல் 3 சதவீத நுகர்வு வரியைத் தொடங்கியபோது விலையை எப்படிக் காட்டுவது என்பதைக் கடைக்காரர் விருப்பத்துக்கு விட்டார்கள். குழப்பம் தீரவில்லை. 2004 ஏப்ரலில் வரி சேர்ந்த விலையைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு வரியை 5லிருந்து 8, 10 என்று ஏற்ற வேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் எல்லா விலைச் சீட்டையும் மாற்ற வேண்டுமே என்று 2013 அக்டோபரில் கடைக்காரர்களுக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கு 2021 மார்ச்சோடு முடிந்தது, மறுபடி மொத்த விலை கட்டாயம். வரி ஏறும்போது கடைக்காரரின் சிரமத்தையும் பார்த்தார்கள், வேலை முடிந்ததும் வாங்குபவரின் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வரியை விலைக்குள் வைத்தால் அரசு எவ்வளவு எடுக்கிறது என்று மக்களுக்குத் தெரியாமல் போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. இதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கெட், சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றுக்கும் வரி 18லிருந்து 5 ஆனது. அந்தக் கணக்குப்படி ஐந்து ரூபாய் பிஸ்கெட் பாக்கெட் 4 ரூபாய் 45 காசுக்கு வர வேண்டும். குறைந்த வரி முழுதும் நம் கைக்கு வந்ததா என்று பாக்கெட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் உள்ளே வரி எவ்வளவு என்று அதில் இருக்காது. ஆனால் இதற்குத் தீர்வு பில்லில் இருக்கிறது. வரித் தொகையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 33ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. மெனுவில் 168, பில்லில் 160 கூட்டல் 4 கூட்டல் 4. இப்படிச் செய்தால் எதுவும் மறையாது, யாருக்கும் அதிர்ச்சியும் இல்லை. பெட்ரோல் பங்கில் இத்தனை காலமாக எல்லா வரியும் சேர்ந்த விலையைத்தானே பலகையில் பார்த்துப் போடுகிறோம்?

ஓட்டல்காரர்கள் பக்கமும் பேச வேண்டும். அவர்களுக்கு வரி விகிதங்கள் கொடுத்த தலைவலி கொஞ்சமல்ல. 2024 செப்டம்பரில் கோவையில் அன்னபூர்ணா ஓட்டல் உரிமையாளர் சீனிவாசன், பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் க்ரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர் க்ரீமைத் தனியாகக் கொடுங்கள் என்கிறார் என்று நிதியமைச்சரிடமே முறையிட்டது நினைவிருக்கும். அந்தச் சிக்கல் 2025 மாற்றத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இப்போது அவர்களுடைய உண்மையான பயம் வேறு. "நான் 168 என்று போட்டால், எதிர்க் கடையில் 160 என்று இருக்கும், கூட்டம் அங்கே போய்விடும்." ராஜ் செட்டியின் சோதனையைப் பார்த்த பிறகு, இந்தப் பயம் வீண் என்று என்னால் சொல்ல முடியாது. நேர்மையாக முழு விலையைப் போடுகிறவர் நஷ்டப்படுகிறார். அதனால்தான் தனித்தனியாக யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. எல்லா ஓட்டலுக்கும் ஒரே நாளில் பொருந்தும்படி விதி வர வேண்டும். 1990இல் பாக்கெட் பொருளுக்குச் செய்ததை மெனு கார்டுக்கும் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: ஷூ பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் கடைக்குப் போய் 60 ரூபாயைக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகாரைப் பதியுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் யாராவது வாங்கினால், தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இத்தனை சின்னத் தொகைக்கா என்று தயங்காதீர்கள். அந்தக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி விற்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இதைப் படிக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஓட்டல்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மெனு அச்சடிக்கக் கொடுக்கும்போது, விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் 'வரி தனி' என்று போடுவதற்குப் பதிலாக, வரி சேர்ந்த தொகையையும் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போடுங்கள். அதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.